ராய்ஸ் டாலெஃப்சன் வாங்கிய ஐம்பது கஜம்

எங்கள் ஹார்லன் ஸ்பிரிங்ஸில் இரண்டு மதங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதத்தில் ஆறேழு சபைகள். அவற்றுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை மதத்தில் இரண்டே சபைகள். அவை ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. துப்பாக்கிச் சங்கத்துத் தகரக் கொட்டகையில் சனிக்கிழமை தோறும் கூடுகிறவர்களில் ஒரு பாதிப் பேர், எல்க் மான் வேட்டைக்குக் கடைத் தோட்டாவே போதும் என்பார்கள். மறுபாதி, கடைத் தோட்டாவைத் திருத்தாமல் சுடுகிறவன் வீட்டிலேயே உட்கார்ந்து பீன்ஸ் தின்னலாம் என்பார்கள்.

ராய்ஸ் டாலெஃப்சன் இரண்டாம் சபை. வெறும் உறுப்பினர் அல்ல, ஏறக்குறைய பூசாரி. ரயில்வே யார்டில் சரக்குப் பெட்டிகளின் பிரேக்கைப் பழுது பார்ப்பது அவருடைய பிழைப்பு. ஐம்பத்தெட்டு வயது, அகலமான முதுகு, அதிகம் பேசாத சுபாவம். தோட்டாவைப் பற்றி மட்டும் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரின் காப்பி ஆறிப்போகும்.

திருத்தம் என்றால் இதுதான். கடைத் தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே போகப் போகக் கொஞ்சம் ஒடுங்கி, சரிந்த தோளோடு இருக்கும். துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையைச் சற்று அகலமாகக் குடைந்துவிட்டால், வெடிக்கும்போது அந்தக் கூடு அறையின் வடிவத்துக்கு ஊதிக்கொள்ளும். நிமிர்ந்த உடம்பும் விறைத்த தோளுமாக வெளியே வந்து விழும். அதற்குள் இன்னொரு சிட்டிகை வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கும். ஆகத் திருத்திய தோட்டா ஒவ்வொன்றும் முதலில் கடைத் தோட்டாவாக இருந்து, ஒருமுறை வெடித்து, பிறகு மறுபிறவி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் மறுபிறப்பை நான் நம்பியதில்லை. சனிக்கிழமைக்காரர்களின் மறுபிறப்பைக் கையில் எடுத்தே பார்த்திருக்கிறேன். இன்னும் சூடாக இருந்தது.

குண்டை வீணாக்காமல் கூட்டை ஊத ஒரு குறுக்குவழி உண்டு. கொஞ்சம் மருந்து, அதன்மேல் மக்காச்சோள மாவு, வாயை அடைக்க ஒரு துண்டு மெழுகு. வானத்தைப் பார்த்துச் சுட வேண்டியது. ராய்ஸ் இதை வசந்தகாலம் முழுக்கச் செய்தார். அவருடைய தெருவில் யாரோ சோளம் வறுப்பது போன்ற வாசனை நிரந்தரமாக இருந்தது.

அவர் மனைவி லவோன் எங்கள் பள்ளிச் சமையலறையின் தலைமைச் சமையல்காரர். புதன்கிழமை தோறும் முந்நூறு பிள்ளைகளுக்குக் கார பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோலும் ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிறவர். வீட்டில் ஒருநாள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ராய்ஸ், சோள மாவு டப்பா எங்க?"

"எதுக்கு?"

"ரொட்டி சுடத்தான். நீ எதுக்கு எடுத்தே?"

"நானும் சுடத்தான் எடுத்தேன்."

அந்த வாரம் அவர்கள் வீட்டில் சோள ரொட்டியும் இல்லை, பேச்சும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? நான் அதே பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ராய்ஸ் கேட்டுக்கொண்டதால் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைத் தோட்டா ஐந்நூற்றைம்பது கஜத்தில் செய்கிற வேலையைத் திருத்திய தோட்டா அறுநூறு கஜத்தில் செய்யும். அவ்வளவே.

"அப்படின்னா அம்பது கஜம் முன்னால நடந்து போனாலும் அதே பலன்தானே ராய்ஸ்?" என்றேன்.

"வாத்தியாரே, உங்களுக்குக் கணக்கு தெரியும். நிலம் தெரியாது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். நான் வேலியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தப் பக்கம் ரயில் போட்ட காலத்தில் அரசாங்கம் கம்பெனிக்கு நிலத்தைச் சதுரங்கப் பலகை போல வெட்டித் தானம் கொடுத்தது. ஒரு கட்டம் கம்பெனிக்கு, அடுத்த கட்டம் மக்களுக்கு. கம்பெனி தன் கட்டங்களை விற்றது. இப்போது கறுப்புக் கட்டம் எல்லாம் பெரிய பண்ணைக்காரர்களிடம் இருக்கிறது. வெள்ளைக் கட்டம் எல்லாம் பொதுச்சொத்து. வெள்ளையும் வெள்ளையும் தொட்டுக்கொள்வது மூலையில் மட்டும்தான். அந்த மூலையில் ஒருவன் ஒரு வெள்ளையிலிருந்து இன்னொரு வெள்ளைக்குக் காலை வைத்தால், அவனுடைய தோளும் முழங்கையும் ஒரு கணம் கறுப்புக் கட்டத்தின் காற்றில் இருக்கும். அது அத்துமீறல் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள், எங்கள் வட்டார நீதிமன்றமும் அப்போது தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆக மக்களுக்குச் சொந்தமான நிலத்துக்கு மக்கள் போக முடியாது. பக்கத்து நிலத்தின் முதலாளி போகலாம். எங்கள் ஊர்ப் பண்ணையின் முதலாளி டென்வரில் பல் மருத்துவமனைகள் நடத்துகிறவர். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவருடைய காற்றை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எல்க் மான்களுக்கும் இது தெரியும். வேட்டைக்காலம் தொடங்கிய அன்றே மந்தை முழுக்க அந்த அடைபட்ட வெள்ளைக் கட்டத்துக்குள் போய், ஊற்றடியில் நின்று அசைபோடும்.

அந்தப் பகுதியில் ஆண் எல்க் சுட அனுமதிச் சீட்டைக் குலுக்கலில்தான் கொடுப்பார்கள். ராய்ஸ் கல்யாணமான காலத்திலிருந்து விண்ணப்பம் போட்டு வந்தார். அந்த ஆண்டு விழுந்தது. இன்னொரு முறை விழுவதற்குள் அவர் மண்ணுக்குள் போயிருக்கலாம். ஒரு சீட்டு, ஒரு எல்க், அக்டோபர் முடிவதற்குள். யார்டில் ஆள்குறைப்புக்குப் பிறகு லவோன் மாட்டிறைச்சி வாங்குவதை நிறுத்தியிருந்தார். கராஜில் இருந்த பெரிய உறைபெட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எல்க் விழுந்தால் வசந்தம் வரை கறி.

ராய்ஸின் திட்டம் இது. இந்தப் பக்கத்து வெள்ளைக் கட்டத்தில் ஒரு மேடு. அங்கே படுத்தால் எதிர்க் கட்டத்து ஊற்று நேராகத் தெரியும். தூரம் அறுநூறு கஜத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்னால் இறங்கிப் போனால் பள்ளம் மறைத்துவிடும், மறுபடி ஊற்று தெரிகிற இடம் வேலிக்கு அந்தப் பக்கம். ஆகப் படுக்க அந்த மேட்டை விட்டால் வேறு இடமில்லை. கடைத் தோட்டாவுக்கு எட்டாது என்று அவருடைய சபை சொன்னது. திருத்தியதற்கு எட்டும்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது, அதையும் அவர் விடவில்லை. குண்டு பல் டாக்டரின் காற்றில் அத்துமீறக் கூடாதே! மேட்டின் மீது இரண்டு வாரக் கடைசிகள் தவழ்ந்து, மூலைக் கல்லுக்கு நேர் மேலே, இரண்டு வெள்ளைக் கட்டங்களும் தொடுகிற அந்தப் புள்ளி வழியாகக் குண்டு போகும்படி ஒரு படுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தார். உலகத்திலேயே சட்டத்தை மதித்த குண்டு அதுவாகத்தான் இருக்கும்.

கடைத் தோட்டாச் சபையின் தலைவர் வேறு யாருமில்லை, லவோனின் தம்பி வெண்டல். ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அவர் சும்மா இருப்பாரா?

"மச்சான், என் தோட்டாப் பெட்டியை நான் வாங்கினப்போ கடைக்காரனுக்குத் தலை நிறைய முடி. இன்னைக்கும் பாதிப் பெட்டி இருக்கு. நீ ஆறு மாசத்துல எத்தனை கூட்டை ஊதினே?"

"உன் துப்பாக்கி எட்டுற தூரத்துக்கு என் மூத்திரமே எட்டும்டா."

"சாப்பிடுற இடத்துல..." என்றார் லவோன். பிறகு உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "சரி ராய்ஸ், எட்டிருச்சுன்னே வச்சுக்குவோம். விழுந்துருச்சு. அப்புறம்?"

"முதல்ல விழட்டும்."

"நான் அதைக் கேக்கல."

"டுவேன்கிட்ட சொல்லிக்கலாம். நம்ம பையன்தானே," என்றார் ராய்ஸ். டுவேன் அந்தப் பண்ணையின் மேலாளர். எங்கள் பள்ளியில் படித்தவன், லவோன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

வேட்டைநாள் காலை. ராய்ஸ் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நாடா கட்டிய இடத்தில் படுத்தார். காற்று இல்லை. ஊற்றடியில் ஆறு கிளைக் கொம்போடு ஒரு ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடிந்து சாய்ந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல வெடி. அந்தத் தூரத்தில் காயம்பட்டு ஓடிப்போய்ப் புதருக்குள் மூன்று நாள் சாகிற மான்களைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசுவதில்லை. இது அப்படி இல்லை.

ராய்ஸ் எழுந்து மூலை வரை நடந்தார். இரண்டு கறுப்புக் கட்டங்களின் வேலிகளும் அங்கே வந்து முடிந்தன. இரண்டு இரும்புக் கம்பங்கள், நடுவில் ஒரு சங்கிலி, அதில் அத்துமீறக் கூடாது என்று ஒரு பலகை. ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். டுவேனுக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துகள் ராய்ஸ்!" என்றான் டுவேன். "வெடிச்சத்தம் கேட்டுச்சு. நீ நிக்கிறது பொது நிலம், அது கெடக்குறதும் பொது நிலம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. நீ பாட்டுக்கு எடுத்துக்கோ."

"நன்றிடா டுவேன்."

"தாண்டாம எடுத்துக்கோ."

"தாண்டாம எப்படிடா எடுக்கறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வெடி உன்னுது. எனக்கு முதலாளி உத்தரவு."

அடுத்து வேட்டைத் துறைக் காவலரைக் கூப்பிட்டார். சுட்ட மிருகத்தின் கறியை அழுகவிடுவது குற்றம், கறியை எடுக்காவிட்டால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று காவலர் மரியாதையாகச் சொன்னார்.

"எடுக்கத் தாண்டினா?"

"அது ஷெரிஃப் ஆபீஸ் விவகாரம். என் துறை இல்ல."

எடுத்தால் ஒரு குற்றம், எடுக்காவிட்டால் இன்னொரு குற்றம். ராய்ஸ் மூலையிலேயே நின்றார். வெயில் ஏறியது. செத்ததைக் கொத்தித் தின்னும் மாக்பை பறவைகள் ஊற்றடிக்கு வர ஆரம்பித்தன. கடைசியில் லவோனைக் கூப்பிட்டார்.

லவோன் சமையலறையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கத்திகளும் ரம்பமும் துணிப்பைகளும் பனியில் இழுக்கிற பிளாஸ்டிக் சறுக்குத் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். வெண்டலும் கூட வந்தார். மூன்று பேரும் சங்கிலிக்கு முன்னால் நின்றார்கள்.

"இது யாரு நிலம்?" என்று லவோன் காலடியைக் காட்டினார்.

"நம்மளது. பொது."

"அது?"

"அதுவும் நம்மளதுதான்."

"அப்ப நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காத்து. அது அந்தாளோடது."

லவோன் பலகையைப் படித்தார். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஓவர்கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சங்கிலியைத் தாண்டினார்.

"ஏய், லவோன்! வழக்கு வரும்."

"வரட்டும். கறி போயிரும். நீ வர்றியா?"

"துப்பாக்கியோட தாண்டினா பெரிய வழக்கு."

"கீழ வச்சிட்டு வா."

ராய்ஸ் தரையைப் பார்த்தார். மண்ணும் செஜ் செடித் தூசியும். ஆறு மாதம் குடைந்து, தேய்த்து, எண்ணெய் போட்ட துப்பாக்கியைப் பார்த்தார். வைக்க மனம் வரவில்லை. வெண்டலுக்கோ முழங்கால் சரியில்லை. காப்பிக் கடைக்கு நடக்கும்போது அது சரியாகவே இருக்கும். ஆக இரண்டு சபைகளின் தலைவர்களும் இந்தப் பக்கம் நின்றார்கள். லவோன் அந்தப் பக்கம் போய் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கையால் எல்க்கை அறுத்தார்.

நானூறு கஜம் சறுக்குத் தட்டை இழுத்து, முதல் தொடைக்கறியைக் கொண்டுவந்து கம்பங்களுக்கு நடுவே நீட்டினார். ராய்ஸ் வாங்கிக்கொண்டார். லவோன் திரும்பிப் போனார்.

"கடைத் தோட்டாவா இருந்தாலும் விழுந்திருக்கும் மச்சான்," என்றார் வெண்டல். "விலாவுக்குள்ள சுத்தமா போயிருக்குன்னு அக்காவே சொல்லிட்டா."

"போயிருக்காது. அந்தத் தூரத்துல வேகம் செத்துப்போயிரும்."

"என்ன பெரிய வேகம்? வாத்தியாரே சொன்னாரு, அம்பது கஜம்தான் வித்தியாசம்னு."

இரண்டாம் தொடை வந்தது. வாதம் காற்றுக்குப் போனது. முன்னங்கால்கள் வந்தன. வாதம் குண்டின் எடைக்குப் போனது. முதுகுக்கறியோடு வந்தபோது லவோனின் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. பையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"யாரு ஜெயிச்சது?"

ராய்ஸ் பையை வாங்கிக்கொண்டார். லவோன் மறுபடி திரும்பிப் போனார், கழுத்துக்கறி இன்னும் பாக்கியிருந்தது. ராய்ஸ் வாதத்தை அத்தோடு விட்டுவிட்டார். ஒருமுறை துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துவிட்டு வந்து தாண்டலாமென்று கிளம்பினார். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் டுவேனின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்காமல் கண்ணாடியை இறக்கிக் கேமராவில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை வளர்த்த கை ரத்தத்தோடு அதில் தெளிவாக விழுந்தது.

அழைப்பாணை லவோனுக்கு மட்டும் வந்தது. சுட்டவருக்கு இல்லை. சட்டத்துக்குக் கால்தான் கண்ணில் பட்டது.

எங்கள் ஊர்ச் சிறு வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் ஹாலிஸ் ப்ரூயிட். தீவனக் கடை வைத்திருக்கிறார். துப்பாக்கிச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அன்று நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. இரண்டு சபையும் வந்திருந்தன, பழக்கப்படி நடைபாதைக்கு இருபுறமும் பிரிந்து உட்கார்ந்தன. நான் லவோனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

"திருமதி டாலெஃப்சன், இது நீங்கதானா?" என்றார் ஹாலிஸ்.

"நான்தான்."

"ஏன் தாண்டினீங்க?"

"கறி அந்தப் பக்கம் இருந்துச்சு."

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு. ஹாலிஸுக்கு மனம் கேட்கவில்லை. ராய்ஸைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார். முன்னால் சாய்ந்தார்.

"எத்தனை கஜம்?"

"அறுநூத்தி எட்டு."

இருபுறமும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"ஒரே வெடியா?"

"ஒரே வெடி."

"குண்டு வெளிய வந்துச்சா, உள்ளயே நின்னுச்சா?" ஹாலிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரி, இது வழக்குக்குத் தேவைதான். சத்தியம் பண்ணியிருக்கே, யோசிச்சுச் சொல்லு. அதே இடத்துல கடைத் தோட்டாவா இருந்திருந்தா, விழுந்திருக்குமா?"

வாழ்நாளெல்லாம் ராய்ஸ் காத்திருந்த கேள்வி. சபையோர் முன்னிலையில், சத்தியப் பிரமாணத்தோடு, மாஜிஸ்திரேட் வாயால். அவர் பதில் அரசாங்கப் பதிவேட்டில் ஏறும். வெண்டல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ராய்ஸ் வாயைத் திறந்தார், லவோன் பக்கம் பார்த்தார், வாயை மூடினார்.

"அது தப்பான கேள்வி, ஹாலிஸ்."

"இங்க நான் ஹாலிஸ் இல்ல."

"சரிங்கய்யா. தப்பான கேள்விங்கய்யா. அம்பது கஜம் பக்கத்துல போயிருந்தா எந்தக் கழுதைத் தோட்டாவும் போதும். நிலம் நம்ம எல்லாருக்கும் சொந்தம். அப்புறம் எதுக்கு நான் மேட்டுல படுத்துக் கெடந்தேன்? அந்த அம்பது கஜத்தை எவன் புடுங்கினான்னு கேளுங்க. நான் மடையன், ஆறு மாசமா அதைப் பித்தளைக் கூட்டுக்குள்ள தேடிட்டிருந்தேன். இவ ஒரு எட்டுல எடுத்துட்டா. அதுக்கு இவளைக் கூண்டுல ஏத்தியிருக்கீங்க."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

சபைகள் இரண்டும் முணுமுணுத்தன. ஹாலிஸ் சுத்தியலைத் தட்டி, லவோன் குற்றவாளி என்றார். அபராதம் போட அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். பதிலாக ஒரு மாதம் வாரக் கடைசிகளில் பொது நிலத்தில் குப்பை பொறுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

லவோன் எழுந்தார். "பொது நிலம்னா எல்லாப் பொது நிலமுமா?"

"எல்லாமும்தான்."

"அந்த ஊத்தடிக் கட்டமும் பொதுதானே? அங்க எப்படிப் போறது, நீங்களே சொல்லிருங்க."

நீதிமன்றம் சிரித்தது. ஹாலிஸ் சிரிக்கவில்லை, வழக்கு முடிந்தது என்று எழுந்து போனார்.

அந்தச் சனிக்கிழமை சங்கக் கொட்டகையில் மூலைகளைத் திறந்துவிடச் சொல்லி மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பலாமென்று ராய்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்தில் அரசியல் பேசக் கூடாது என்று தலைவர் ஹாலிஸ் தள்ளுபடி செய்தார். கை தூக்கியது வெண்டல் ஒருவர்தான். ராய்ஸ் உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வண்டியில் லவோன் குப்பைப் பைகளோடு காத்திருந்தார். தண்டனை அவருக்கு, குனிந்து பொறுக்கியது இருவரும். வெண்டலின் முழங்காலும் அந்த மாதம் சரியாகிவிட்டது.

கொட்டகைக்குள் பேச்சு அன்று வெகுநேரம் ஓடியது. பல் டாக்டரைப் பற்றியோ சங்கிலியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. சத்தியம் பண்ணியும் ராய்ஸ் ஏன் பதில் சொல்லவில்லை என்பதே பேச்சு. மருந்து அளவில் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறார், சொன்னால் மற்றவர்களும் அடித்துவிடுவார்கள் என்ற பயம் என்று கடைசியில் முடிவு கட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு சபையிலிருந்தும் ஆட்கள் துப்பாக்கியை இன்னும் அகலமாகக் குடைந்துகொண்டார்கள். அறுநூற்றைம்பது கஜம் எட்டுமாம். ஊர் முழுக்கச் சோளம் வறுக்கிற வாசனை.